பூஜ்யம் இரண்டு முறை

ஜெயினுலாப்தீன் கடையில் பழைய கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"எடுத்தாச்சா?"

உள்ளே இருக்கும் படம், பாட்டு, கடிதம் என்று வேண்டியதையெல்லாம் வேறொன்றில் எடுத்து வைத்துக்கொண்டாயிற்றா என்பது அதன் பொருள். "எடுத்தாச்சு" என்று உடையவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கமாட்டார். திறந்தும் பார்க்கமாட்டார். ஹார்ட் டிஸ்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை பூஜ்யத்தை எழுதி நிரப்புவார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஒரு முறை நிரப்புவார். பிறகுதான் பென் டிரைவைச் செருகி ஹைக்கூவை ஏற்றுவார்.

ஹைக்கூ என்பது விண்டோஸைப்போலக் கணினியை இயக்கும் ஒரு ஓஎஸ். தாராவியில் மட்டுமல்ல, மும்பை முழுக்கத் தேடினாலும் அதன் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான் இருப்பார்கள். அலுவலகங்கள் கழித்துப்போட்ட, புது விண்டோஸைத் தாங்காத கிழட்டு இயந்திரங்களில்கூட அது சுறுசுறுப்பாக ஓடும். பென் டிரைவிலிருந்து எழும்போது திரையில் ஏழு சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக நிறம் பெறும். கடைசியில் ஒரு ராக்கெட். முதல்முறை அந்த ராக்கெட் நிறம் பெற அவர் மூன்று நாள் முயன்றிருக்கிறார்.

வாங்க வருகிறவர்களிடம் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்.

"இதுல விண்டோஸ் எங்க பாய்?"

"இது விண்டோஸ் இல்ல."

"டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட் போடுதவன் பக்கத்து சந்துல இருக்கான். இது ஒரிஜினல். உண்டாக்குனவங்களே சும்மா குடுக்காங்க."

"சும்மா குடுக்காங்கன்னா எங்கியோ இடிக்குதே."

அவர் சிரித்துக்கொள்வார். பாதிப்பேர் போய்விடுவார்கள். மீதிப்பேர் வாங்கிப்போய், பிறகு குறை சொல்ல வராமலே இருந்துவிடுவார்கள்.

முப்பத்துநாலு வயதுவரை அவர் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டியவர். தோலில் கத்தி இறங்கியபின் அதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கோடு போட்டு, அளந்து, இன்னொரு முறை அளந்த பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். பட்டறை மூடியபோது முதலாளியின் அறையில் கிடந்த இரண்டு கணினிகளைப் பிரித்துப் பார்த்து, ஆங்கிலத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்து, இந்த வேலையைக் கற்றார். அளந்து அளந்து செய்யும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது. 2004-லிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, கொடுத்தவர் பெயர், வீட்டு எண், டிஸ்கின் அளவு, செய்த வேலை, கடைசியில் யாரிடம் போனது என்பது.

பூஜ்யம் நிரப்பும் வழக்கம் 2009-ல் வந்தது. மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் என்ற வங்கிக்காரர் தம் வீட்டுக் கணினியைக் கொடுத்திருந்தார். ஜெயினுலாப்தீன் எல்லாரையும்போல மேலோட்டமாக அழித்து வேறொருவனுக்கு விற்றார். அப்படி அழித்தால் பட்டியல்தான் போகும், பொருள் உள்ளேயே கிடக்கும். வாங்கியவன் அதைத் தோண்டி, வங்கிக்காரரின் மகள் படங்களை எடுத்துப் பரப்பிவிட்டான். வேங்கடசுப்ரமணியன் கடைக்கு வந்தார். கத்தவில்லை.

"உங்களை நம்பித்தானே குடுத்தேன். என் பொண்ணு ஒரு வாரமா ரூமை விட்டு வெளில வரலை" என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பூஜ்யம், இரண்டு முறை. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் தருவதற்கு இவர் அரை நாள் எடுத்துக்கொள்வார். அவர் மனைவி நஜ்முன்னிசா அதற்காகக் கேலி பேசாத நாள் இல்லை. "மையத்தக் குளிப்பாட்டுத மாதிரி கழுவுதிய. உள்ள இருக்கது வெறும் தகரம்" என்பாள், பிணம் கழுவும் சடங்கை நினைத்து.

போன ஆண்டு ஆகஸ்டில் இசக்கிசெல்வி ஒரு கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கணவர் மகாதேவன் அதே வட்டாரத்தில் சந்துக்காரர்களுக்கு ரேஷன், கேஸ், பள்ளி என்று மனு நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தவர். 2021-ல் கொரோனாவில் இறந்துபோனார். அவள் மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி நடந்தே போய்விடுவாள்.

"பாய், இது ஆன் ஆவமாட்டேங்கு. உள்ள ஒரு பேப்பர் வேணும். அது மட்டும் கெடச்சாப் போதும்."

"என்ன பேப்பர்?"

"பழைய லைட் பில்லு. தொண்ணூத்தேழாம் வருசத்தது."

எதற்கு என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் தாராவியில் எல்லாரும் பழைய காகிதம்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். புது வீடு தருவதற்காகக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கோலியின், அந்த ஒற்றையறை வீடுகளின், கதவிலும் எண் எழுதிப் போயிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு முன்பே அங்கே குடியிருந்ததாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்கு அங்கேயே வீடு. காட்ட முடியாதவர்கள் பட்டியலில் 'அபாத்ர', தகுதியில்லாதவர். அவர்களுக்கு எங்கோ தூரத்தில் வாடகை வீடு என்று பேச்சு. எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாட்டுங்காவுக்கு நடந்து போகும் தூரம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

"தொண்ணூத்தாறுல அந்தக் கோலிய வாங்குனோம், பாய். பத்திரம், பில்லு எல்லாம் டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. ரெண்டு வருசம் முன்னாடி மழைத்தண்ணி ஏறுச்சுல்லா? தொறந்தா கஞ்சி. ஓட்டு லிஸ்டுல எங்க பேரு ரெண்டாயிரத்து நாலுலதான் ஏறிருக்கு. ஆனா அவிய இருக்கப்போ எப்பவும் சொல்லுவாவ, பேப்பர் போனா என்ன, எல்லாத்தையும் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன்னு."

"ஸ்கேன் காப்பிய ஒத்துக்கிடுவாங்களா?"

"காப்பி வேண்டாம், நம்பர் போதும். லைட் ஆபீஸ்ல ஒரு மேடம் இருக்கா, நல்ல மாதிரி. பழைய மீட்டர் நம்பரக் குடு, குடோன்ல இருந்து ரெக்கார்ட எடுத்து சீல் போட்டுத் தாரேன்னா. நம்பர் இல்லாம அந்தக் குவியல்ல நான் எங்கடி தேடன்னு கேக்கா. மீட்டரத்தான் மாத்திட்டானுவளே, இப்பம் உள்ளதுல புது நம்பர்."

ஜெயினுலாப்தீன் பென் டிரைவைச் செருகினார். பெட்டியிலிருந்த விண்டோஸ் கெட்டுப்போயிருந்தது. டிஸ்க் நன்றாகவே இருந்தது. பென் டிரைவிலிருந்தே ஹைக்கூவை ஓடவிட்டு, உடையவள் பக்கத்தில் இருந்ததால், டிஸ்கைத் திறந்தார். மகாதேவனின் முகப்புத் திரையில் நாற்பது ஐம்பது படங்களுக்கு நடுவே 'வீட்டு பேப்பர்' என்று தமிழில் பெயரிட்ட ஒன்று.

"அதுதான், பாய்! அதுதான்!"

அவர் அதன் அளவைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்த காகிதங்கள் அடங்கிய கோப்புறை அவ்வளவு சிறியதாக இருக்க முடியாது. மூலையில் வளைந்த அம்புக்குறி போட்ட படங்கள் விண்டோஸில் உண்டு. அவை கோப்புறை அல்ல. கோப்புறை எங்கே இருக்கிறது என்று எழுதிய சீட்டு. மகாதேவன் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறியபோது சீட்டை மட்டும் இழுத்துப் போட்டிருக்கிறார். பழைய கணினியில் வைத்துத் திறந்து பார்த்தபோது சரியாகத் திறந்திருக்கும். மனம் நிறைந்திருப்பார்.

"இதுக்கு முந்தி ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சுல்லா, அது எங்க?"

இசக்கிசெல்வி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"உங்ககிட்டதான குடுத்தாவ, பாய்."

அவர் எழுந்து பரணிலிருந்து 2019-ஆம் ஆண்டு நோட்டை இறக்கினார். மே மாதத்தில் அந்த வரி இருந்தது. மகாதேவன், கோலி எண் பதினாலு. டிஸ்க் நூற்றறுபது ஜிபி. எடுத்தாச்சு என்றார். பூஜ்யம் இரண்டு முறை. சரி. ஹைக்கூ. சாயிமா டீச்சர், கோவண்டி.

"அழிச்சாலும் திரும்ப எடுத்துரலாமாமே பாய்? டிவியில காட்டுதானே, போலீஸ்காரன் எடுக்கான்."

"பாத்துட்டுச் சொல்லுதேன், தங்கச்சி" என்றார்.

வீட்டுக்குப் போய் நோட்டை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்தத் தேதி ரமலான் மாதத்தின் கடைசிப் பகுதி. மே மாத வெயில், நோன்பு, தகரக் கூரை. சாயங்காலம் நோன்பு திறக்க ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒருவன் வேலையைச் செய்யாமலே செய்ததாக எழுதியிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நஜ்முன்னிசா நோட்டை எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"நோம்ப வச்சிக்கிட்டு நீங்க பொய் எழுதியிருப்பியளா?"

"எழுதியிருக்கணும்னுதான் துஆ கேக்கேன்."

இந்த முறை அவள் கேலி பேசவில்லை.

மறுநாள் சயானில் ரயில் ஏறிக் குர்லாவில் மாறிக் கோவண்டிக்குப் போனார். சாயிமா மாடியில் ஓர் அறையில் டியூஷன் நடத்துகிறவள். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே கையை விரித்து மறித்தாள்.

"பாய், ஆறு வருஷமா ஒரு நாளும் மக்கர் பண்ணல. நல்லா ஓடுறதை எதுக்குத் தொறக்கணும்? பசங்க இலை கம்ப்யூட்டர்னு பேரே வச்சிட்டானுங்க." திரையின் மூலையில் இருக்கும் இலைப் படத்தைச் சொன்னாள். "என் கொஸ்டின் பேப்பர் எல்லாம் அதுலதான். பிஎட் படிச்சவ எல்லாம் வந்து, இது என்ன சிஸ்டம்னு கேட்டுட்டுப் போறா தெரியுமா?"

"ஒண்ணையும் தொடமாட்டேன்மா. பாக்க மட்டும் செய்வேன்."

காரணத்தைக் கேட்டபின் அவள் விலகி நின்றாள். டிஸ்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காக மறுபடியும் பென் டிரைவிலிருந்தே ஹைக்கூவை எழுப்பினார். டிஸ்கில் உள்ளதை அப்படியே எண்களாகக் காட்டும் ஒரு கருவி அதில் இருக்கிறது. ஹைக்கூ ஏற்றும்போது எழுதுவது கொஞ்சம்தான். சாயிமா சேர்த்தது அதைவிடக் கொஞ்சம். நூற்றறுபதில் நூற்றைம்பதுக்கு மேல் அவர் விட்ட நிலையிலேயே இருக்கும். அன்றைக்குப் பூஜ்யம் நிரப்பாமல் விட்டிருந்தால், மகாதேவனின் கோப்புறை அந்த வெளியில் எங்காவது கிடக்க வேண்டும்.

முதல் பக்கங்களில் எண்கள் இருந்தன. அது ஹைக்கூ. அதைத் தாண்டினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வரிவரியாகப் பூஜ்யம். இன்னும் தள்ளிப் போனார். பூஜ்யம். டிஸ்கின் நடுப்பகுதிக்குத் தாவினார். பூஜ்யம்.

பிறகு ஓரிடத்தில் எண்கள் வந்தன. ஒரு பக்கம், இரண்டு பக்கம், பன்னிரண்டு பக்கம். அவர் அந்தத் துண்டைப் பென் டிரைவுக்கு எடுத்துப் படமாகத் திறந்தார். காகிதம்தான். ஸ்கேன் செய்த காகிதம்தான். மேலே ஒரு முத்திரை.

"அய்யோ, அது நாலாங்கிளாஸ் கணக்கு பாய்" என்றாள் சாயிமா. "போன வருஷம் நான் ஸ்கேன் போட்டது."

டிஸ்க் முழுவதையும் தேடிப் பார்க்கக் கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. சாயிமா டீ கொண்டுவந்து வைத்தாள்; ஆடை படிந்தது. தேடல் முடிந்தபோது கிடைத்த படங்கள் எல்லாம் அவளுடையவை. மற்ற இடங்கள் அத்தனையும் பூஜ்யம், நோட்டில் எழுதியிருந்தபடியே. அவர் அன்றைக்குப் பொய் எழுதவில்லை.

"நான் வாங்கும்போது உள்ளே ஒரு தூசிகூட இல்லன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வேன்" என்று சாயிமா மெதுவாகச் சொன்னாள்.

அவர் பென் டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இசக்கிசெல்வியிடம் சொல்ல அவர் கடையில் காத்திருக்கவில்லை. அவள் சமையல் முடித்து வரும் நேரத்துக்கு மாட்டுங்காவில் அவள் வேலை செய்யும் கட்டடத்தின் வாசலில் போய் நின்றார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இல்லையா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"ஒரு எழுத்துகூட இல்ல. நான் அழிக்கது அப்பிடி."

ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவருக்கும் நடுவே போனார்.

"உங்க மேல என்ன பாய். அவியளும் எடுத்தாச்சுன்னுதான சொல்லிருக்காவ." கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு கேட்டாள்: "பக்கத்து சந்துக்காரன்கிட்ட குடுத்திருந்தா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் அவர் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"கெடச்சிருக்கும்" என்றார்.

"அப்பிடியா" என்றாள் அவள். தாராவி வரும்வரை இருவரும் நடந்தார்கள்.

கணக்கெடுப்புக்காரர்கள் அவளை விசாரணைக்கு அழைத்த நாளில் அவரும் கூடப் போனார். கையில் 2019 நோட்டு. நீண்ட வரிசையில் எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறைகள், உறைகளுக்குள் பழுப்பேறிய காகிதங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் இசக்கிசெல்வியிடம் ஆதாரம் கேட்டார். அவள் ஜெயினுலாப்தீனைப் பார்த்தாள். அவர் நோட்டை விரித்து வைத்தார்.

"யே க்யா ஹை, சாச்சா?" இது என்ன என்று கேட்டார் இளைஞர்.

ஜெயினுலாப்தீன் தமிழில் எழுதியிருந்ததை இந்தியில் வாசித்துக் காட்டினார். இன்ன பெயர், கோலி எண் பதினாலு, இன்ன தேதி. இளைஞர் பொறுமையாகவே கேட்டார். அவருக்கு அன்றைக்கு அவள் இருநூறாவது ஆளாக இருந்திருப்பாள்.

"இது 2019. இரண்டாயிரத்துக்கு முன்னால் எழுதிய நோட்டு இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார்.

"2004-லிருந்துதான் எழுதுகிறேன்."

"அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"தோல் வெட்டிக்கொண்டிருந்தேன்."

இளைஞர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். இசக்கிசெல்வி தன் வீட்டுச் சுவரில் எந்த ஆணியை எந்த வருடம் அடித்தார்கள் என்பதுவரை சொல்லத் தொடங்கினாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பதினாலாம் எண்ணுக்கு நேரே மராத்தியில் 'அபாத்ர' என்று இருந்தது. அவளுக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை; பக்கத்து வீடுகளுக்கு நேரே இருந்த 'பாத்ர' என்ற சொல்லைவிட இது ஓர் எழுத்து நீளமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் அவள் மறுபடியும் அதே விரிப்பில் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இத நீங்களே வச்சிக்கிடுங்க, பாய். போற எடத்துல வைக்க எடம் இருக்குமோ இல்லியோ. யாருக்காவது உங்க சிஸ்டத்தப் போட்டுக் குடுங்க."

"எப்பம் போற?"

"தெரியல. வீட்டு எண்ணச் சொல்லல, பஸ்ஸு நம்பரையும் சொல்லல. மாட்டுங்கால ரெண்டு வீட்டுல வேற ஆளு பாக்க ஆரம்பிச்சிட்டாவ."

அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். பென் டிரைவைச் செருகினார். ஏழு படங்களும் நிறம் பெற்றன. வழக்கமான கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வந்தது.

"இத அழிக்கண்டாம், தங்கச்சி. டிஸ்க மட்டும் கழட்டித் தாரேன். உள்ளங்கையளவுதான். மகாதேவன் போட்டோ எல்லாம் இருக்கும்."

"எதுல போட்டுப் பாக்க?" என்றாள். "இருக்க வீட்டையே வச்சிக்கிட முடியல. இதக் கட்டிக்கிட்டு எங்க அலைய? எங்கியாவது தொலையும், எவன் கையிலயாவது கெடைக்கும். அவிய படத்த வச்சி எவனாவது எதையாவது செய்வான். அழிச்சிருங்க. நீங்க அழிச்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னு எனக்குத் தெரியும்லா."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பி, படங்களை எப்படித் தள்ளிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். தான் எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தைப் பார்த்து நின்றார். பின்னால் சுட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு சொடுக்கு, இடைவெளி, இன்னொரு சொடுக்கு. சில இடைவெளிகள் நீளமாக இருந்தன. ஒரு முறை சிரித்தாள். எந்தப் படத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. எதிரே கதவுகளில் கணக்கெடுப்பு எண்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் கடைக் கதவிலும் ஒன்று இருந்தது.

கடைசியில் சத்தம் நின்றது.

"போதும், பாய்."

அவர் வந்து உட்கார்ந்தார். டிஸ்கின் அளவைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். கட்டளையை எழுதி அழுத்தினார். அவள் விரிப்பை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கிப் போனாள்.

முதல் முறை முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நஜ்முன்னிசா மகளை அனுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டாவது முறைக்கும் போட்டார்.